ஒன்பது மாதமா, மூன்று வருடமா? மர ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளம் மாற்றும் கணக்கு

சரிவுக்காரன் (கேள்வி)

இரண்டு மர கோஸ்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்காவின் கோஸ்ட்ரைடர். 1998-ல் திறந்தது. நீளம் 4533 அடி, மீட்டரில் சுமார் 1380. 2015 செப்டம்பரில் மூடி, தண்டவாளத்தைப் புதுப்பித்து, 2016 ஜூனில் திறந்துவிட்டார்கள். இன்னொன்று, ஜெர்மனியில் ஹைடே பார்க்கின் கொலோசஸ். 2001-ல் திறந்தது, 1344 மீட்டர். 2016 ஜூலையில் மூடியது 2019 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது.

நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோஸ்ட்ரைடரில் தச்சர்கள் அந்த இடத்திலேயே பலகை பலகையாக அடிக்கிறார்கள். கொலோசஸில் ஆலையில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். மாட்டுகிற வேலைக்கு எப்படி அதிக நாள்? உண்மையில் எதை மாற்றுகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள்? மாற்றி மூன்று நான்கு வருடத்தில் பழையபடி உதற ஆரம்பிக்கும் கோஸ்டர்களும் இருக்கின்றனவே, அது ஏன்?

எட்டடுக்கு

மாற்றுவது பெரும்பாலும் மேலே உள்ள பலகை அடுக்கை. கீழே நிற்கும் மரக்காட்டில் அழுகிய காலையும் குறுக்குச் சட்டத்தையும் மட்டும் எடுத்துவிட்டு வேறு போடுவார்கள்.

மரபான அமைப்பில் இடது, வலது என்று ஒவ்வொரு பக்கமும் ஏழு அல்லது எட்டுப் பலகைகள் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பெயருக்கு இரண்டு அங்குலப் பலகை. இழைத்த பிறகு கனம் ஒன்றரை அங்குலம்தான். எட்டு அடுக்கு என்றால் 12 அங்குல உயரம். மேல் இரண்டு பலகை மட்டும் அகலமானவை, உள்பக்கம் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு இல்லாவிட்டால் ரயில் மேட்டில் பறந்துவிடும்: மேலே உள்ள இரும்புப் பட்டையில் ஓடுசக்கரம், விளிம்பின் பக்கப் பட்டையில் பக்கச் சக்கரம், விளிம்புக்கு அடியில் அடிச்சக்கரம்.

எட்டு அடுக்கு, இரண்டு பக்கம் என்றால் ஒரு மீட்டர் தண்டவாளத்துக்கு 16 மீட்டர் பலகை. 1380 மீட்டரையும் அடியிலிருந்து மாற்றினால் 22 கிலோமீட்டர் பலகை வேண்டும். மேல்பட்டை 4 அங்குல அகலம், 3/8 அங்குலக் கனம் என்று வைத்தால் அது மட்டுமே 21 டன் வரும். அதனால் வழக்கமாக ஒவ்வொரு குளிர்காலமும் அடி வாங்கும் துண்டுகளை மட்டும் பிரிப்பார்கள்: பள்ளத்தின் அடி, வளைவின் நுழைவாய், பிரேக்குக்கு முந்தைய பகுதி. அதிலும் கீழ் அடுக்குகள் நன்றாக இருந்தால் மேல் மூன்று நான்கோடு நிறுத்திவிடுவார்கள். இப்படித் தவணையில் போனால் நீண்ட மூடல் தேவைப்படாது. தவணை தவறினால்தான் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும், கடன் மாதிரி.

தேய்வது எப்படி என்றால்: பலகையின் நார் படுத்திருக்கிறது, சக்கரம் அதற்குக் குறுக்கே அழுத்துகிறது. நீளவாக்கில் தாங்குவதைவிட மரம் குறுக்கே மிகக் குறைவாகத்தான் தாங்கும். 3 ஜி (எடையைப் போல மூன்று மடங்கு அழுத்தம்) வரும் பள்ளத்தில் நார் ஒரு மில்லிமீட்டர் நசுங்கினாலும் பட்டைக்குக் கீழே காற்று புகும். அப்புறம் ஒவ்வொரு ரயிலுக்கும் பட்டை கீழே போய் மேலே வரும், கட்டு ஒவ்வொரு முறையும் துளி இழுபடும், துளை பெரிதாகும், மழைநீர் உள்ளே இறங்கும். அங்கே சக்கரம் குதிக்கிறது. குதித்து விழும் இடம் இரண்டாவது குழி. முதல் குழியை மட்டும் அடைத்துவிட்டுப் போனால் இரண்டாவது குழி அப்படியே இருக்கும். நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

ஒரு துண்டைப் பிரிக்கும் முறை: முதலில் பழைய தண்டவாளத்தை அளந்து, குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றிலும் உயரம், சாய்வு, இரு பக்கப் பட்டைகளுக்கு இடையிலான அகலம் மூன்றையும் குறிப்பார்கள். பட்டை போல்ட்களில் பாதி துருப்பிடித்துச் சுற்றாது. கிரைண்டரில் தலையை வெட்ட வேண்டியதுதான். பலகையை மேலிருந்து உரிப்பார்கள். ஒரேயடியாக நீளமாக உரித்தால் கால்களின் உச்சி ஆட ஆரம்பிக்கும், எனவே குட்டை குட்டையாக உரிப்பது அல்லது தற்காலிகமாக முட்டுக் கொடுப்பது. அடியில் தெரியும் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். "டங்" என்றால் சரி, "தொப்" என்றால் மாற்று. பிறகு புது அடுக்கு. அடுத்தடுத்த அடுக்கில் ஜாயின்ட் ஒரே இடத்தில் விழவே கூடாது, செங்கல் கட்டுவது போலத்தான். கடைசி அடுக்கு போட்டு, கேஜ் பாரை (இரு பக்கத் தூரத்தை, அதாவது கேஜை, அளக்கும் கம்பி) வைத்து அகலம் சரிபார்த்து, உள் விளிம்பை ஒரே கோடாகச் சீவி, அப்புறம்தான் பட்டை. பட்டை சேரும் இடம் நேராக வெட்டியிருக்காது, சாய்வாக வெட்டியிருக்கும். சக்கரம் ஒரு பட்டையை விட்டு இறங்குமுன் அடுத்ததில் ஏறியிருக்கும். இடைவெளியும் விட வேண்டும்: 6 மீட்டர்ப் பட்டை 40 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மில்லிமீட்டர் நீளும், அடியில் உள்ள மரம் அதில் பாதிகூட நீளாது.

வைரம்பார்த்தான்

மேலே சொன்னதோடு மரத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் மரம் வாங்கப் போனால் வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம், வெள்ளையை ஒதுக்குவோம். இங்கே தலைகீழ். அமெரிக்காவில் தண்டவாளத்துக்கு அதிகம் போகும் தெற்கத்திய மஞ்சள் பைனில் வெள்ளை மரம்தான் அதிகம். அது அழுத்தத்தில் ஏற்றும் மருந்தை நன்றாக உறிஞ்சும். டக்ளஸ் ஃபிர்ரின் வைரம் மருந்தை உள்ளே விடாது, மேல்தோலில் கீறல் போட்டுத்தான் ஏற்றுவார்கள். அதனால் மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் அறுத்த முனையில் மறுபடி மருந்து பூசியே ஆக வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுவது சகஜம். அழுகல் முதலில் ஜாயின்டிலிருந்து ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்தேற்றிய பலகை ஈரமாக வரும். ஈரம் 28 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கினால் 12 அங்குல அடுக்கு சுமார் 10 மில்லிமீட்டர் வற்றும். முறுக்கி இறுக்கின நட்டும் வாஷரும் மரத்தைத் தொடாமல் தொங்கும், விரலாலேயே சுற்றலாம். கலிஃபோர்னியா வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், கூடவே வெடிப்பும் விழும். மருந்தேற்றிய பின் சூளையில் மறுபடி உலர்த்திய பலகை வாங்கினால் விலை கூடும், ஆனால் பாதித் தலைவலி போகும். எப்படி வாங்கினாலும் திறந்த முதல் சில வாரங்களில் எல்லா போல்டையும் மறுபடி இறுக்க ஆள் வேண்டும். புதுத் தண்டவாளம் முதல் பருவத்திலேயே உதறுகிறது என்றால் முதலில் நட்டைப் பாருங்கள்.

ஆணி விஷயம்: 2004 முதல் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் செம்பு அதிகம். ஈரத்தில் செம்பு பக்கத்தில் இருந்தால் சாதா இரும்பு ஆணி வேகமாக அரிக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கிய கால்வனைஸ் ஆணியோ ஸ்டெயின்லெஸ்ஸோதான் போட வேண்டும். மின்முலாம் பூசியது தாங்காது. ஆணி பழைய பட்டியல்படி வந்து, மரம் புது மருந்தில் வந்தால், பலகை நன்றாக இருக்கும்போதே ஆணி போய்விடும்.

ஒற்றைஅச்சு

எட்டடுக்கு அண்ணன் சொன்னது சரி, ஆனால் குழியை வெட்டுவது ரயில். அதை மாற்றாமல் தண்டவாளத்தை மட்டும் மாற்றினால் அதே ரயில் அதே இடத்தில் அதே குழியைப் போடும்.

வளைவில் நீள வண்டிகளின் கதை இதுதான்: அச்சுக்கு அச்சு 2 மீட்டர் இருந்தால், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் போகும் திசைக்கு ஏறக்குறைய 4 டிகிரி கோணலாக நிற்கும். உருளும் நேரத்திலேயே குறுக்கே அரைக்கும். பக்கச் சக்கரம் ஒரு விளிம்பில் மோதி, எதிர் விளிம்பில் மோதி, கடைசியில் இரு பக்கத் தூரமே விரிந்துவிடும். கேஜ் விரிந்த தண்டவாளத்தில் ரயில் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டு போவதைத்தான் நாம் "உதறல்" என்கிறோம். செங்குத்துக் குழியைவிடக் கழுத்துக்கு இது மோசம்.

கோஸ்ட்ரைடரில் கிரேட் கோஸ்டர்ஸ் நிறுவனம் தண்டவாளத்தோடு ரயிலையும் மாற்றியது. மில்லெனியம் ஃப்ளையர் வண்டிகள்: ஒரு வண்டிக்கு ஒரே வரிசை இருக்கை, முன் வண்டிக்குப் பின்னால் வருவதெல்லாம் ஒற்றை அச்சில் இழுபட்டு வளைவோடு திரும்பும். நடுவழி பிரேக்கையும் எடுத்துவிட்டார்கள். பிரேக்கை எடுத்தால் பின்பாதியில் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் வளைவில் தள்ளுவிசை நான்கு மடங்கு. எனவே பின்பாதியின் சாய்வையெல்லாம் அந்த வேகத்துக்குச் சரிபார்க்காமல் பிரேக்கில் கை வைக்க முடியாது. பழைய பாதைக் கோடு (வளைவு, சாய்வு, இறக்கத்தின் வடிவம்) அப்படியே, பலகை மட்டும் புதுசு என்றால் மூடல் இன்னும் குட்டையாகவே இருந்திருக்கும்.

பாதைக் கோட்டைத் திருத்துவதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் உள்ள தி பீஸ்ட். 1979-ல் திறந்தது. 2022 பருவத்துக்காக 2000 அடிக்கு மேல் தண்டவாளம் மாற்றினார்கள், முதல் இறக்கத்தின் கோணம் 45-லிருந்து 53 டிகிரி ஆனது. அது குளிர்கால மூடலுக்குள்ளேயே முடிந்த வேலை. மொத்த நீளம் 7361 அடி, ஆக கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம்.

சரிவுக்காரன்

நன்றி. மரமும் ரயிலும் புரிந்தது. கொலோசஸ் பக்கம் யாரும் போகவில்லையே? இன்னொன்று, இத்தனை பாடுபடுவதற்குப் பேசாமல் இரும்புத் தண்டவாளம் போட்டுவிடலாமே?

ஆலைமரம்

கொலோசஸ் வேறு ஜாதி. இன்டமின் நிறுவனத்தின் வடிவமைப்பு, கோர்டஸ் நிறுவனத்தின் மரவேலை. மெல்லிய மரத் தாள்களைப் பசையிட்டு அழுத்தி, கணினி இயந்திரத்தில் கடைந்து, வளைவும் சாய்வும் வடிவத்திலேயே இருக்கும்படி செய்த துண்டுகள். பலகையை வளைத்து ஆணியடிக்கும்போது அது நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். இங்கே அந்தத் துடிப்பு கிடையாது. வருடக்கணக்கில் இரும்பு கோஸ்டர் போல வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு அதுதான் காரணம்.

விலை வேறு இடத்தில் வரும். மரபான தண்டவாளத்தில் நாலு மீட்டர் போனால் நாலு தச்சர் வந்து நாலு மீட்டர் போடுவார்கள். இதில் எந்தத் துண்டும் இன்னொன்றைப் போல இருக்காது. கடையில் கிடைக்காது, பட்டறையில் அறுக்கவும் முடியாது. மூல வரைபடத் தரவு வேண்டும், அந்த அளவு துல்லியமான ஆலை வேண்டும். அதோடு, பதினைந்து வருடத்தில் கீழ்க்கட்டுமானம் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், சாய்ந்திருக்கும். வரைபடப்படி கச்சிதமாகச் செய்த துண்டு, வரைபடப்படி இல்லாத காலில் உட்காராது. எனவே ஒவ்வொரு தாங்கியையும் அளந்து, காலைத் திருத்தி, பிறகு ஆலைக்கு ஆர்டர். எல்லாத் துண்டும் ஒரே வயது என்பதால் ஒன்றாகவே கிழடாகும். கொலோசஸில் அதனால்தான் முழுத் தண்டவாளமும் ஒரே மூச்சில் மாறியது. மாட்டுவது குறைந்த நாள்தான். மாட்டும் நாளுக்கு முந்தைய வேலைதான் நீளம்.

நடுவில் ஓர் இடம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நியூ ஜெர்சியின் எல் டோரோ, 2006-ல் திறந்த அதே வகை. 2022 ஆகஸ்ட் 25 அன்று ரயில் ஒரு குழியில் ஏறி இறங்கியது போல் அடித்து 14 பேர் காயம்பட்டார்கள். மாநில அதிகாரிகள் மூடச் சொன்னது 2023 ஜூனில்தான் திறந்தது. ஒட்டுப்போட்டதால் அது நடந்தது என்று சொல்லவில்லை. ஆலைத் தண்டவாளத்தில் ஓர் இடம் கெட்டாலும் வண்டி எத்தனை மாதம் நிற்கும் என்பதைப் பாருங்கள்.

இரும்பு போடலாம். டெக்சஸ் ஜயன்ட்டை 2009 கடைசியில் மூடி, ராக்கி மவுன்டன் நிறுவனத்தின் ஐ-பாக்ஸ் இரும்புத் தண்டவாளத்தை ஏற்றி 2011 ஏப்ரலில் திறந்தார்கள். ஆனால் அதை மர கோஸ்டர் என்று நான் சொல்ல மாட்டேன். மரக்கால் மேல் இரும்பு கோஸ்டர். மரத் தண்டவாளம் பாரத்துக்குக் கொஞ்சம் அமுங்கி நிமிர்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அது போய்விடும்.

எட்டடுக்கு

ஆலைமரம் சொன்ன கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. முழுக்க உதறிப்போய் ஆளே ஏறாத கோஸ்டரை இடிப்பதைவிட இரும்பு ஏற்றுவது மேல். கால்களாவது நிற்கும். பழுது பார்க்காமல் பூட்டிப் போடுவதுதான் மரத்துக்கு எமன்: போல்டை இறுக்க யாரும் மேலே ஏறுவதில்லை, சாக்கடைபோல் நீர் தேங்கும் மூலை யார் கண்ணிலும் படுவதில்லை. சான் டியேகோ பெல்மான்ட் பார்க்கில் 1925-ல் கட்டிய ஜயன்ட் டிப்பர் 1976-லிருந்து 1990 வரை பூட்டியே கிடந்து பிழைத்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் வாய்க்காது.

மாற்றியும் மறுபடி உதறுவதைப் பற்றிக் கேட்டவருக்கு, எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஓடும் தண்டவாளத்தில் மேல்பட்டையைப் பாருங்கள். சக்கரம் படும் இடம் கண்ணாடிபோல் பளபளக்கும், மீதி துருநிறம். அந்தப் பளபளப்புக் கோடு அறுபடாமல் ஒரே அகலத்தில் போக வேண்டும். காற்றில் மிதக்கும் மேடுகளில் கோடு மங்கலாம், அது வேறு. பள்ளத்தில் ஒரு சாண் நீளம் கோடு காணாமல் போய், அதற்கு அந்தப் பக்கம் திடீரென்று அகலமாக, வெள்ளையாகத் தெரிந்தால் சக்கரம் அங்கே குதித்து இறங்குகிறது என்று பொருள். அதற்கு முன்னால் இரண்டு போல்ட் தள்ளிப் பட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.