ஸ்கேனில் காற்று என்றார்கள், கண்குழியில் இருந்தது குச்சி

கண் மருத்துவ மேற்படிப்பில் அப்போது எனக்கு இறுதி ஆண்டு. சைக்கிளோடு புதருக்குள் விழுந்து 15 நாளான ஓர் இளைஞர் வந்தார். மேல் இமையில் நகக்கீறல் அளவுக்குத் தையல் தழும்பு. அதன் ஓரத்தில் ஒரு துளி சீழ். துடைத்தால் மறுநாள் திரும்பவும் நிற்கும். மாத்திரை சாப்பிடும்வரை வீக்கம் வடியும், நிறுத்தினால் ஏறும். பார்வை 6/6, குறையே இல்லை. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றார்.

அடிபட்ட அன்று எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'கண்குழியில் (கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியில்) காற்று' என்று எழுதியிருந்தது. புதிதாக எடுத்துப் பார்த்தோம். அதே கறுப்புக் கோடு, அதே இடத்தில், அதே நீளத்தில். காற்றாக இருந்தால் இதற்குள் உறிஞ்சப்பட்டிருக்கும். ஓரமும் இப்படிக் கோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருக்காது. காய்ந்த மரம் சி.டி.யில் காற்றைப் போலவே கறுத்துத் தெரியும் என்று தேர்வில் எழுதியவன்தான் நான். ஆனாலும் கதிரியக்க மருத்துவர் எலும்பு பார்க்கும் அமைப்புக்குப் படத்தை மாற்றி, மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளின் காற்றைவிட அந்தக் கோடு ஒரு படி வெளுத்திருப்பதைக் காட்டிய பிறகே நம்பினேன். கண்குழியின் கூரை எலும்பு மெல்லியது, அதற்கு மேல் மூளை. குச்சி அதைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கத்தியை எடுத்தோம்.

சீழ் வந்த வழியிலேயே போனோம். ஊறிக் கறுத்த பட்டையோடு 3 செ.மீ. சுள்ளி வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பேராசிரியர் அதை வாங்கி நுனியைத் திருப்பிப் பார்த்தார். முறிந்த நுனி. இன்னும் அரை மணி நேரம் கழுவித் தேடியதில் இரண்டு சிராய்கள் கிடைத்தன.

வாசகர் ஒருவர், மேலே எழுதிய மருத்துவருக்கு: என் கதை நேர்மாறு. உடைந்த ஜன்னல் கண்ணாடியின் சில்லு ஒன்று பார்வை நரம்பை ஒட்டி 8 ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்று மருத்துவர் சொன்னபோது சண்டையே போட்டேன். மரம் அழுகும், கண்ணாடி சும்மா கிடக்கும், தோண்டப் போனால் பார்வை போகலாம் என்றார். ஆண்டுக்கு ஒருமுறை காட்டுகிறேன், இடம் மாறவில்லை.

இன்னொரு வாசகர்: நான் ஸ்கேன் டெக்னீஷியன். எம்.ஆர்.ஐ. படுக்கையில் ஏறப்போனவரிடம் உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "போன வாரம் சுத்தியல் அடிக்கும்போது என்னவோ தெறித்தது" என்றார். இறக்கி சி.டி.க்கு அனுப்பினோம். கண்ணுக்குப் பின்னால் 4 மி.மீ. இரும்பு. எம்.ஆர்.ஐ. கருவியின் பலமான காந்தத்துக்குள் போயிருந்தால் அது நகர்ந்திருக்கலாம். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "வலிக்கவே இல்லையே" என்றார்.