தோழிக்கு ட்ரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய், கறுப்பினப் பெண்களுக்கு இது ஏன் ஜாஸ்தி?

மீனா_கேரி:
நான் நார்த் கரோலினால இருக்கேன். கூட வேலை பாக்குற தோழி, கறுப்பினப் பொண்ணு, 41 வயசு, மார்புல கட்டின்னு பயாப்ஸி எடுத்தாங்க. லஞ்ச் டைம்ல ரிப்போர்ட்ட என் கைல குடுத்து நீயே படின்னுட்டா. ஈஆர் 0, பிஆர் 0, ஹெர்2 நெகட்டிவ், கேஐ-67 மட்டும் 80 சதவீதம். நெகட்டிவ்னு பாத்ததும் அப்பாடா நல்லதுதானேன்னு வாய்விட்டு சொல்லிட்டேன், அவ மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ஜனவரிலயே கைக்குத் தட்டுப்பட்டிருக்கு, போன கிளினிக்ல சின்ன வயசு தானே ஆறு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்களாம். எங்க ஆளுங்களுக்கு இப்படித்தான், அம்மாவும் இதுல தான் போனாங்கன்னு சொல்றா. நிஜமாவே இனத்தால வர்றதா? ரத்தத்துல பாக்குற ட்யூமர் மார்க்கரும் இதுவும் ஒண்ணா?

திருச்சி_லேப்:
ஒண்ணு இல்லங்க. ரத்தத்துல பாக்குறது சிஏ 15-3 மாதிரி, அது வேற. இது கட்டியோட துண்டுலயே சாயம் ஏத்திப் பாக்குறது. ஈஆர், பிஆர்ங்கறது ஹார்மோன் வந்து ஒட்டுற ஏற்பிகள், ஹெர்2 செல் மேல இருக்குற ஒரு புரதம், இந்த மூணும் இல்லாத கேன்சர் தான் ட்ரிபிள் நெகட்டிவ். கேஐ-67 செல் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டும். ஈஆர் இருந்தா செல்லோட நியூக்ளியஸ் பழுப்பா மாறும். ட்ரிபிள் நெகட்டிவ் ஸ்லைடுல கேன்சர் செல் அத்தனையும் நீலமாவே நிக்கும், ஓரத்துல ஒரு நல்ல பால்குழாய் மட்டும் பழுப்பா தெரியும், அத வச்சுதான் சாயம் சரியா ஏறியிருக்குன்னு நம்புவோம். நெகட்டிவ்னா நோய் இல்லன்னு அர்த்தமில்ல, டமாக்ஸிஃபென், டிராஸ்டுசுமாப் மாதிரி மருந்து போய் பிடிக்க அங்க பிடி இல்லன்னு அர்த்தம்.

ஆன்கோ_நர்ஸ்_அக்கா:
மீனா, உங்க ஸ்டேட்லயே 1993ல ஆரம்பிச்ச கரோலினா மார்பகப் புற்றுநோய் ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. 2006ல வந்த அதோட ரிசல்ட்ல, மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்குள்ள, ட்ரிபிள் நெகட்டிவோட ரொம்ப நெருங்கின பேசல் வகை, மாதவிடாய் நிக்காத கறுப்பினப் பெண்கள்ல 39 சதவீதம், மத்த இனத்துப் பெண்கள்ல 16. அதனால உங்க தோழி சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி தான் எனக்கு வயிறெரியுது. அமெரிக்காவுல எல்லா வகையும் சேத்து மார்பகப் புற்றுநோய் வர்றது வெள்ளையினப் பெண்களவிட கறுப்பினப் பெண்களுக்கு கொஞ்சம் கம்மி தான், ஆனா இதுல சாகுறது சுமார் 40 சதவீதம் அதிகம்.

கார்த்தி_சிங்கை:
அப்போ கட்டியோட வகை தானே காரணம்? அவங்களுக்கு மோசமான வகை ஜாஸ்தியா வருது, அதனால இறப்பும் ஜாஸ்தி. இதுல வேற என்ன இருக்கு?

ஆன்கோ_நர்ஸ்_அக்கா:
அது மட்டும்னா ஈஆர் பாசிட்டிவ் உள்ளவங்க ரெண்டு இனத்துலயும் ஒரே மாதிரி பிழைக்கணும் இல்லையா தம்பி? நல்லா மருந்து கேக்குற அந்த வகையிலயும் கறுப்பினப் பெண்கள் தான் அதிகமா சாகுறாங்க. 1980 வாக்குல ரெண்டு பேருக்கும் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு. மேமோகிராமும் டமாக்ஸிஃபெனும் பரவலா வந்தப்புறம் தான் இடைவெளி விரிஞ்சுது. அந்தக் கொஞ்ச வருஷத்துல ஜீன் மாறிடுமா? வைத்தியம் ஒருத்தருக்கு சீக்கிரம் போய்ச் சேந்துச்சு, இன்னொருத்தருக்கு சேரல. அப்புறம் ஆப்பிரிக்கா எல்லாம் ஒண்ணும் கிடையாது, கானாவுல ட்ரிபிள் நெகட்டிவ் நிறைய, எத்தியோப்பியாவுல ரொம்பக் கம்மி. தோல் நிறத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, பரம்பரை எந்தப் பக்கத்துலேருந்து வருதுங்கறது வேற விஷயம். நம்ம நாட்டுலயும் ட்ரிபிள் நெகட்டிவ் பங்கு மேலைநாடுகளவிட கூடத்தான், கட்டி தட்டுப்பட்டா வயசப் பாத்து யாரும் சும்மா இருந்துடாதீங்க.

மீனா, அவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. அம்மாவுக்கும் இருந்திருக்கு, அவங்களுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் வேற, பரம்பரையா மார்பகப் புற்றுநோய் வர வைக்கிற பிஆர்சிஏ ஜீன் கோளாறு இருக்கான்னு டெஸ்ட் கண்டிப்பா கேக்கணும். ஸ்டேஜ் 2, 3ன்னா சர்ஜரிக்கு முன்னாடியே கீமோவோட, நம்ம எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல ஏவி விடுற பெம்ப்ரோலிசுமாப்ங்கற மருந்தக் குடுக்க 2021லயே அனுமதி வந்தாச்சு, அது தனக்கு ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க. இந்த வகை திரும்ப வந்தா பெரும்பாலும் முதல் சில வருஷத்துக்குள்ள தான் வரும், அஞ்சு வருஷம் தாண்டினா பயம் நிறைய கொறையும், அதயும் மறக்காம சொல்லுங்க.

மீனா_கேரி:
ரொம்ப நன்றி அக்கா. உக்காந்து அவகிட்ட படிச்சு சொன்னேன், 1980 விஷயத்த மட்டும் ரெண்டு தடவ கேட்டா. வேற ஆஸ்பத்திரில செகண்ட் ஒப்பீனியனுக்கு வியாழக்கிழமை டைம் கிடைச்சிருக்கு, நான் லீவு போட்டுட்டேன், கேள்வியெல்லாம் நோட்டுல எழுதி எடுத்துட்டு கூடவே போறேன்.