முதல் சுற்றில் விழட்டும், இரண்டாவது சுற்று கொடுங்கள்

வகுப்பில் குழுவாகக் கட்டிப் பார்க்கும் சவால்கள் வைத்தவர்கள், அதில் கலந்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு. குழுவுக்கு நான்கு பேர், ஒரே ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல். பசை, டேப் எதுவும் கிடையாது. 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகள். நடுவே பாலம் போட்டு அதன்மேல் நாணயம் அடுக்க வேண்டும். நேரம் 20 நிமிடம்.

பெரும்பாலான குழுக்கள் தாளை அப்படியே வைத்தன, இல்லையென்றால் இரண்டாக மடித்தன. நாலைந்து நாணயத்திலேயே எல்லாம் சரிந்தது. கடைசி மேசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி, கிழிந்துபோன துண்டுத்தாளை விசிறிபோல் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் வாக்குவாதத்தில் இருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் அதே சவாலை மறுபடி வைத்தேன். இந்த முறை தாள் அவள் கைக்குப் போனது. விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு, நகத்தால் அழுத்தித் தேய்த்து, அடுத்த மடிப்பு. நாணயங்கள் ஏற ஏற வகுப்பே அந்த மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. 31ஆவது நாணயத்தில் நடுமடிப்பு மெல்ல விரிந்து பாலம் சாய்ந்தது. "மடிப்பு விரியுது, அதைக் கட்டிப் பிடிக்கணும்" என்று நால்வரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தாளின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டி இடுப்புக்கச்சைபோல் சுற்றியது அவர்கள் யோசனைதான், நான் சொல்லவில்லை.

அப்புறம்தான் பாடத்துக்கே போனேன். பிளாஸ்டிக் அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்தால் வளைகிறது, விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் வளைவதில்லை. ஒரு சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு 8 மடங்காகிறது. மடிப்பு செய்ததும் அதைத்தான்: தாள் கூடவில்லை, உயரம் கூடியது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

*

நான் ஆசிரியர் பயிற்சியில் மாட்டிக்கொண்டது மார்ஷ்மெல்லோ (பஞ்சுபோன்ற மிட்டாய்) சவாலில். 20 ஸ்பகெட்டி குச்சி (வேகவைக்காத நீளமான நூடுல்ஸ்), கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், 18 நிமிடம். உச்சியில் மார்ஷ்மெல்லோ நிற்க வேண்டும். நாங்கள் 17 நிமிடம் கோபுரம் மட்டும் கட்டினோம். கடைசியில் மார்ஷ்மெல்லோவை வைத்ததும் எல்லாம் குனிந்துவிட்டது. வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய இந்தச் சவாலைப் பற்றி டாம் வூஜெக் 2010இல் ஒரு TED மேடை உரையில் பேசியபோது, வணிகப் பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டுகிறார்கள் என்றார். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்க்கிறார்களாம். இப்போது என் வகுப்பில் ஐந்தாவது நிமிடத்திலேயே எடையை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன். சின்னதாக விழுந்தால் திருத்த நேரம் இருக்கிறது.

*

நான் பார்த்தவரை கத்தரிக்கோல் யார் கையிலோ, அவர்தான் குழுத்தலைவர். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கை மாற்றச் சொல்வேன். ஓரமாக நிற்கும் பிள்ளையும் உள்ளே வர இது ஒன்றே போதும்.

போன வாரம் வகுப்பு முடிந்து குப்பைக்கூடையை நீட்டினேன். ஒரு பையன் மட்டும் நசுங்கிய பாலத்தைப் போடவில்லை. "எங்க முதல்ல மடங்குச்சுன்னு பாக்கணும் டீச்சர்" என்று நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.