ஓவியக் களஞ்சிய அறைக்கு ஏசி மட்டும் போதுமா?

கடற்கரை வீதி:
திருகோணமலையில் கடலை ஒட்டிய சிறு அருங்காட்சியகம். மேல்மாடியில் 5×4 மீற்றர் அறையைக் களஞ்சியமாக்கப் போகிறோம். நீர்வர்ண, கரி ஓவியங்கள் 300 அளவில், பழைய நில அளவைப் படங்கள், நீல அச்சுப் படிகள் (புளூபிரின்ற்), கோவைகள். ஏசியை 20 பாகையில் வைத்து, பின்னேரம் பூட்டும்போது நிறுத்துவதாக யோசனை. றாக்கைகள் பிளைவூட். பிழை ஏதும் இருக்கா?

உப்புக்காற்று:
நிறுத்துவது முதல் பிழை, 20 பாகை அடுத்தது. சுவரோ இரும்போ 24 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் எங்கட கடற்காற்று பட்டதும் ஐஸ் போட்ட கிளாஸ் மாதிரி வேர்க்கும். ஏசி நின்றதும் யன்னல் இடுக்கால் வருவது அந்தக் காற்றுத்தான். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம்.

முதலில் அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து விடுங்கோ: யன்னலைக் கல் வைத்துக் கட்டி, கதவுக்கு ரப்பர் பட்டி, சீலிங் ஓரத்துக்கு சிலிக்கன். பிறகு டீஹியுமிடிபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெசின்) 50–55 வீதத்தில் 24 மணி நேரமும் ஓட விடுங்கோ. அது சூடு கக்கும். அதற்காக மட்டும் ஏசி 26 பாகையில். தண்ணீரைக் குழாயால் வெளியே விடுங்கோ. வாளி வைத்தால், அது நிரம்பியதும் மெசின் தானாக நிற்கும், நீண்ட விடுமுறையில் என்றால் ஊற்றவும் ஆள் இருக்காது.

லாச்சி:
2004 சுனாமியை நினைத்தால் மேல்மாடி சரி. ஆனால் பாரம் பாருங்கோ. படங்கள் வைக்க ஏ0 தாள் (84×119 செ.மீ.) அளவு லாச்சி, 5 செ.மீ. உயரம், முழுக்கக் கடதாசி என்றால் 35 கிலோ வரும். பத்து லாச்சிக்கு 350, அலுமாரியின் பாரம் வேறு. பொறியியலாளரிடம் காட்டாமல் ஏற்ற வேண்டாம். லாச்சியை அரைவாசிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். அடியில் இருப்பதை இழுக்கும்போதுதான் ஓரம் கிழிகிறது.

பிளைவூட் அமில ஆவி விடும், வேண்டாம். பவுடர் கோட்டிங் இரும்பு எடுங்கோ. துளை போட்ட இடத்தில்தான் உப்புக்காற்றுக்குத் துரு தொடங்கும், அங்கே பெயின்ற் தொட்டு விடுங்கோ. அடித்தட்டு நிலத்திலிருந்து 15 செ.மீ., வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி.

கரி ஓவியத்தை பொலியெஸ்டர் உறையில் போட்டால் நிலைமின் கரியை இழுத்துவிடும். அமிலமற்ற மட்டை உறைதான். நீல அச்சுக்குச் சுண்ணம் சேர்த்த உறை ஆகாது, நீலம் வெளுக்கும்.

கடற்கரை வீதி:
நன்றி. கரண்ட் போனால்?

உப்புக்காற்று:
அடைத்த அறையில் கடதாசியே ஈரத்தை உறிஞ்சித் தாங்கும். சில மணி நேரம் பிரச்சினையில்லை, கதவைத் திறந்து திறந்து பார்க்காதேங்கோ. ஓவியம் ஏற்ற முன் வெறும் அறையை இரண்டு கிழமை ஓட்டிப் பாருங்கோ, மாரி மழைக்குள்ளே என்றால் நல்லது. ஈரமானி ஒன்றை அலுமாரிக்குப் பின்னால், நிலத்தோடு வையுங்கோ. நடு அறையில் 52 காட்டும்போது அங்கே 70 நிற்கலாம்.