கிளியரன்ஸ் சிக்கல்: நேரடி விசாரணையா, எழுத்து முடிவா?

மேரிலாந்தில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை, சீக்ரெட் கிளியரன்ஸுக்கு (அரசு ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி) எஸ்.எஃப்-86 என்ற பின்னணி விவரப் படிவம் கொடுத்து பதினான்கு மாதம் ஆகிறது, போன வாரம் அனுமதி தரத் தடையாக இருக்கும் காரணங்களைச் சொல்லும் ஆட்சேபக் கடிதம் (எஸ்.ஓ.ஆர்.) வந்துவிட்டது. பதில் தர 20 நாள்தான், அதில் 6 போய்விட்டது.

இரண்டு குறைகள். ஒன்று கடன்: 2023இல் வேலை போய் ஏழு மாதம் சும்மா இருந்தபோது மூன்று கிரெடிட் கார்டுகளில் ஏறிய 31,000 டாலர். இன்னொன்று கனடா பாஸ்போர்ட். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போய் வளர்ந்தவன், அமெரிக்கக் குடியுரிமை பிறகு வாங்கியது.

செய்தவை: இரண்டு கார்டுகளுக்குத் தவணை ஒப்பந்தம், 11 மாதமாகத் தவறாமல் கட்டுகிறேன், ரசீதுகள் உண்டு. மூன்றாவது கார்டின் கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், அந்த நிறுவனம் போனையே எடுப்பதில்லை, பதிவுத் தபாலும் அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட்டைப் படிவத்திலேயே சொல்லியிருந்தேன், அமெரிக்காவுக்குள் வர அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் காட்டியிருக்கிறேன். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூனில் வந்த சீட்-4 என்ற அரசு நெறிகளின்படி வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பது மட்டுமே தடையில்லை, அதனால் எனக்குப் பயம் கடனில்தான்.

வக்கீல் கேட்ட தொகைக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டும்!

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு கடன் இன்னும் தீராத நிலையில், நீதிபதி முன் நேரடி விசாரணை கேட்பதா, எழுத்து ஆவணங்களை வைத்தே முடிவு கேட்பதா?