8,000 ரூபாய்க்குள் பாட்டு கேட்க ஸ்பீக்கர்: கோத்தகிரி ஈரத்துக்கு எது தாங்கும்?

கட்டபெட்டு_காற்று:
வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் பாட்டு கேட்க ஸ்பீக்கர் வாங்கணும். பட்ஜெட் 8,000, தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு ஆயிரம் சேர்க்கலாம். ரூம் பத்துக்குப் பதினோரு அடி, பலகைத் தரை, மேலே தகரக் கூரை. மேசை சுவரை ஒட்டி இருக்கு. கேட்பது கர்நாடக சங்கீதமும் பழைய சினிமாப் பாட்டும்தான். படம், கேம் எதுவும் கிடையாது. கடையில் எங்கே கேட்டாலும் 2.1 செட்டைத்தான் (இரண்டு சின்னப் பெட்டி, தாழ்ந்த ஒலிக்குத் தனியா ஒரு சப்வூஃபர் பெட்டி) காட்டுறாங்க, அட்டையில் ‘200 வாட்ஸ்’னு போட்டிருக்கு. அதை வாங்கலாமா? ஐப்பசி, கார்த்திகையில் எங்க சுவரெல்லாம் ஈரம் இறங்கும், அதுக்கும் தாங்கணும்.

அருவங்காடு_ஒலி:
முதலில் அந்த 200 வாட்ஸை விட்டுடுங்க. அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் வந்து போகும் உச்சத்தைப் பெருக்கிப் போடும் எண். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இத்தனை வாட்ஸ்’னு இருக்கும். அதில் 30 வாட்ஸ் போட்டிருந்தால், தொடர்ந்து அதுக்கு மேல் சத்தமாக வெளியே வர வழியே இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸை மட்டும் ஒப்பிடுங்க. மூணடி தள்ளி உட்கார்ந்து கேட்க ஒரு பக்கத்துக்கு 15 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம்.

மலிவான 2.1 உங்க பாட்டுக்கு ஒத்துவராது. சின்னப் பெட்டிகளில் இரண்டு, மூன்று இன்ச் கோன்தான் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) இருக்கும், அதால் சுமார் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியா இறங்க முடியாது. அதுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சப்வூஃபர் எடுத்துக்கும். இப்போ ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலைப் பாருங்க: மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜமே 196தான். ஆக, பாடகர் கீழே இறங்கும்போதெல்லாம் குரல் மேசை மேல் இருந்து மேசைக்கு அடியில் போய்விடும். தம்பூராவும் மிருதங்கத்தின் தொப்பியும் அதே இடத்தில்தான் உடையும்.

உங்களுக்கு வேண்டியது சப்வூஃபர் இல்லாத 2.0. நாலு இன்ச் வூஃபர் (தாழ்ந்த, நடு ஒலிக்கு), தனி ட்வீட்டர் (உச்ச ஒலிக்கு), மரப்பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர். எடிஃபயர் ஆர்1280டி (R1280T) இந்த வகை: 42 வாட்ஸ் ஆர்எம்எஸ், 4 இன்ச் வூஃபர், 13 மி.மீ ட்வீட்டர், பக்கவாட்டில் பாஸ், ட்ரெபிள் திருகு. டிபி என்று முடியும் மாடலில் ப்ளூடூத்தும் ஆப்டிகலும் கூடுதல். லேப்டாப் பக்கத்திலேயே இருக்கும்போது அதுக்குக் காசு வேண்டாம். விலை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். உங்க பட்ஜெட்டின் மேல் விளிம்பில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்க. இதில் காற்றுத்துளை முன்பக்கம் இருப்பதால் சுவரை ஒட்டி வைத்தாலும் சிக்கல் இல்லை.

சோலைமரம்:
மேலே சொன்னதில் ஒண்ணு மட்டும் திருத்தணும். துளை முன்பக்கம் இருந்தாலும் தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும்தான் பரவும். சுவரில் பட்டுத் திரும்பி 100, 150 ஹெர்ட்ஸ் பகுதி உப்பும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுங்க. முடியலைன்னா பாஸ் திருகை நடுப்புள்ளியிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் குறைங்க.

நம்ம ஊரில் அந்த இடைவெளி ஒலிக்கு மட்டும் இல்லை, பெட்டிக்கும் வேணும். இந்த ஸ்பீக்கர்கள் எம்டிஎஃப் பலகையில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் செய்தவை. ஈரச் சுவரைத் தொட்டுக்கிட்டே இருந்தால் விளிம்பு ஊதி, ஒட்டிய தாள் உரியும். கூடலூர் பக்கம் ஆடி மழையில் படும் பாட்டைக் கோத்தகிரி வடகிழக்குப் பருவத்தில் படும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம். பின்பக்கம் காற்று போகணும். துணி போட்டு மூடாதீங்க, உள்ளே ஈரம் தங்கி காகிதக் கோனில் பூஞ்சை பிடிக்கும். தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்க, ஆம்ப்ளிஃபயர் சூடு உள்ளே காய வைக்கும். பல நாள் ஊருக்குப் போனால் பிளக்கைப் பிடுங்கி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்க. நீலமாக இருந்து நிறம் மாறும் ஜெல்லா வாங்கினால் எப்போ மாத்தணும்னு கண்ணிலேயே தெரியும்.

எதை வாங்கினாலும் கோனைச் சுற்றிய வளையம் ரப்பரா, ஃபோமா பாருங்க. ஃபோம் ஈரக்காற்றில் சில வருஷத்தில் பிசுபிசுத்துப் பொடியாயிடும். நம்ம ஊருக்கு ரப்பர்தான் சரி.

கட்டபெட்டு_காற்று:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். இப்போ இருக்கிற பழைய ஸ்பீக்கரில் சார்ஜர் போட்டா ‘ம்ம்ம்’னு ஓர் இரைச்சல் வருது. புதுசுலயும் வருமா? அப்புறம், காசு பத்தலைன்னா 3,000க்குள் ஏதாவது உண்டா?

அருவங்காடு_ஒலி:
சோலைமரம் சொன்னது சரி, சுவர் இடைவெளியை விடாதீங்க.

இரைச்சலுக்கு: சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்க. நின்றால் அது பெரும்பாலும் எர்த் வளையச் சிக்கல் (இரண்டு சாமானும் வேறு வேறு வழியில் எர்த்தோடு இணைவதால் வரும் இரைச்சல்), ஸ்பீக்கரில் குறை இல்லை. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்க, பெரும்பாலும் அதிலேயே போகும். போகலைன்னா ஒரு யூஎஸ்பி டாக் (லேப்டாப்புக்கு வெளியே ஒலியை மாற்றித் தரும் குட்டிக் கருவி) மாட்டிப் பாருங்க. லேப்டாப்பின் உள் சர்க்யூட் கரகரப்பு அதில் குறையும், ஆனால் எர்த் வளையம் அதாலும் அறுபடாது. அதுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வேணும். ரொம்ப மலிவானது பாஸைக் கொஞ்சம் தின்னும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீங்க. மழைக்கால ஈரத் தரையில் நின்று தொடும் சாமானில் எர்த் இல்லைன்னா உயிருக்கே ஆபத்து.

3,000க்குள் என்றால் கிரியேட்டிவ் பெபிள். 2 இன்ச் கோன், 4.4 வாட்ஸ் ஆர்எம்எஸ், யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்காதீங்க, ஆனால் குரலும் வயலினும் அந்த 2.1 செட்டைவிட நேர்மையா இருக்கும்.

கம்பிச்சுருள்:
கோயம்புத்தூர் போக முடிந்தால் இன்னொரு வழி: செகண்ட் ஹேண்டில் உள்ளே ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இல்லாத புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, கூட டிபிஏ3116 சிப் வைத்த குட்டி ஆம்ப், 24 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர். வாங்கும்போது கோனை இரண்டு பக்கமும் விரலால் சமமா, மெதுவா அழுத்துங்க. சரசரன்னு உரசினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) போயிருக்கு, வேண்டாம். வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் பயமில்லை, காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டில் சரியாகும்.

வைப்பது பற்றி: இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றும் உங்க தலைக்கு உள்ள தூரமும் ஒண்ணா, மூணடி அளவில் இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும். மேசை தாழ்வா இருந்தால் முன்பக்க அடியில் அழிரப்பர் வைத்து மேல்நோக்கிச் சாய்ங்க. பலகைத் தரை அதிரும், அதனால் பெட்டிக்கு அடியில் பழைய மவுஸ் பேடை நாலாக வெட்டி வையுங்க. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாம் அணைச்சுடுங்க.

தகரத்தில் மழை கொட்டும்போது அதை மீறி வால்யூமை ஏத்தாதீங்க, நாலு இன்ச் கோன் தடுமாறும், ட்வீட்டரும் போகலாம். அந்த நேரத்துக்கு காதை மூடும் ஹெட்ஃபோன்தான். இடி தொடங்கினால் ஸ்பீக்கர் பிளக்கோடு லேப்டாப்புக்கு வரும் லேன் கேபிளையும் பிடுங்கிடுங்க, மின்னல் அந்த வழியாவும் வரும்.