நடுவயதில் துறை மாற வழிகாட்டி கிடைப்பாரா?

ஒயிட்ஃபீல்டுவாசி:
பெங்களூரில் 16 ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் நான், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கும் நிலையில் தரவுப் பொறியியலுக்கு (தரவுகளைத் திரட்டிச் சீராக்கிப் பயன்பாட்டுக்குத் தரும் துறை) மாற எண்ணுகிறேன். இம்மாற்றத்தைக் கடந்து வந்த ஒருவரின் வழிகாட்டுதலை எப்படிப் பெறுவது?

அல்சூர்க்காரர்:
முன்பின் அறியாதவரிடம் எடுத்த எடுப்பிலேயே வழிகாட்டியாக இருக்கக் கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புத் தளத்தில் உங்கள் கல்லூரிப் பக்கத்திலுள்ள முன்னாள் மாணவர் பட்டியலில், சோதனையிலிருந்து தரவுத் துறைக்குச் சென்றவர்களைத் தேடி, திட்டவட்டமான ஒரே கேள்வியுடன் பேச இருபது நிமிட நேரம் மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு மீண்டும் எழுதினால், உறவு தானாக வளரும். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு உத்தரவாதம் தருவோரை (இந்நகரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை) தவிர்த்துவிடுங்கள்.

மேகலை:
முதலில் உங்கள் நிறுவனத்தின் தரவுக் குழுவிலேயே ஒருவரை அணுகுங்கள். தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்கியூஎல் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும் என்பதால், பைத்தான் நிரல்மொழியையும் கற்றுக்கொண்டு உள்மாற்றம் கேட்பது, சம்பளம் குறையாமல் மாறுவதற்கு ஓரளவு பாதுகாப்பான வழி.

ஒயிட்ஃபீல்டுவாசி:
அக்குழுவின் தலைவர் என்னைவிட இளையவர். கேட்கலாமா?

மேகலை:
தாராளமாகக் கேளுங்கள்.